எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்?

அப்பாவின் மூச்சு நின்று ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தபோது போன் வந்தது. பேசிய பெண் மிக மென்மையாகத்தான் பேசினார், ஆனால் அவருக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது குரலிலேயே தெரிந்தது. அப்பா கடைசி ஆறு வருடங்கள் ஒரு நினைவாற்றல் ஆய்வில் பதிவாகியிருந்தார். வருடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுக் கடிகாரம் வரையச் சொல்வார்கள், மூன்று சொற்களைச் சொல்லிவிட்டுச் சில நிமிடங்கள் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். அந்த ஆய்வின் படிவத்தில் மூளை தானம் பற்றி ஒரு பத்தி இருந்ததை நான் மறந்தே போயிருந்தேன். அவர்கள் மறக்கவில்லை. சம்மதமா என்று கேட்டார், யோசித்து அரை மணி நேரத்தில் சொன்னால் போதும் என்றார். நான் அரை நிமிடத்தில் சரி என்றேன். அக்கா அப்போது வழியில் வந்துகொண்டிருந்தாள், இரண்டு முறை அழைத்தும் எடுக்கவில்லை, மூன்றாவது முறை முயலவில்லை. உண்மையைச் சொன்னால், அவள் எடுக்காதது எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் அப்பாவைத் திரும்பக் கொண்டுவந்தபோது முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஒரு காதுக்குப் பின்னாலிருந்து உச்சி வழியாக மறு காதுக்குப் பின்னால் வரை கீறி, தோலை மடக்கி, எலும்பை அறுத்து, எடுக்க வேண்டியதை எடுத்தபின் எல்லாவற்றையும் பழையபடி பொருத்தித் தைத்துவிடுகிறார்கள். முடியைச் சீவிவிட்டால் ஒன்றும் தெரியாது. அப்பாவுக்குக் கடைசிவரை முடி அடர்த்தி. சீவிவிட்டது நான்தான். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள், திடீரென்று அவள் விரல் ஓரிடத்தில் நின்றது. தையலின் முடிச்சு.

"இது என்னடா?"

சொன்னேன். கடைசியில், இன்றைக்கு நினைத்தாலும் கூசும்படியாக, "மூளையை மட்டும்தான்கா" என்றும் சொன்னேன்.

"மட்டும்தானா?" என்றாள். அதற்கப்புறம் அன்றைக்கு அவள் என்னிடம் பேசவில்லை. எல்லாம் முடிந்து பத்து நாள் கழித்து, பாத்திரம் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமலே ஒன்று சொன்னாள்: "அப்ப நாம வழியனுப்பினது முழு அப்பாவை இல்ல."

சிறுநீரகமாக இருந்தால், கண்ணாக இருந்தால், அவளே நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பாள். அவளுக்கு உறுப்பு தானத்தில் குறையே கிடையாது. கண் இன்னொருவர் முகத்தில் போய் வேலை செய்கிறது. மூளை எங்கேயும் போய் வேலை செய்வதில்லை, அது ஓரிடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த 'இருக்கிறது' என்பதுதான் அவளைக் குடைந்தது. கொஞ்ச நாளில் என்னையும் குடைய ஆரம்பித்தது. எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது, எவ்வளவு காலம் இருக்கும்? கையெழுத்துப் போட்டவன் இந்த மூன்றையும் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதனால் படிக்க ஆரம்பித்தேன்.

நூலில் தொங்கவிடுகிறார்கள்

பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்த கண்ணாடிக் குடுவையை மனதில் வைத்துக்கொண்டு, மூளை என்றால் கெட்டியான பொருள் என்றே நினைத்திருந்தேன். எடுத்த நிலையில் அது அப்படி இல்லை. மேசையில் வைத்தால் தன் எடையிலேயே அமுங்கிப் பரவும், அழுத்திப் பிடித்தால் விரல் தடம் பதியும். அப்படியே ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் கரைசல் இருக்கும் வாளிக்குள் போட்டால் அடியில் போய்த் தட்டையாகிவிடும். அதனால் மூளையின் அடிப்பக்கத்தில் நடுவே ஓடும் பெரிய ரத்தக்குழாய்க்குக் கீழே ஒரு நூலைக் கோத்து, தலைகீழாக, வாளியின் தரையைத் தொடாமல் தொங்கவிடுகிறார்கள். இரண்டு மூன்று வாரம் அப்படியே தொங்கும். அந்த நாட்களில் கரைசலில் இருக்கும் ஃபார்மால்டிஹைட் மெல்ல உள்ளே ஊறி, புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, மொத்தத்தையும் ரப்பர் பதத்துக்கு இறுக்கிவிடும். 1893இல் ஃபெர்டினாண்ட் ப்ளூம் என்ற ஜெர்மன் மருத்துவர் இதைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது தன் விரல் தோலே விறைத்துப்போனதைக் கவனித்தார், இது திசுவையும் இறுக்கும் என்பது அப்படித்தான் பிடிபட்டது. அதற்கு முன் பெரும்பாலும் சாராயத்தில்தான் ஊறப்போட்டார்கள், அதில் மூளை சுருங்கிப்போகும்.

ஆனால் ஃபார்மலின் வடிவத்தைக் காப்பாற்றுமே தவிர, உள்ளே இருக்கும் ஆர்.என்.ஏ. போன்ற நுணுக்கமான மூலக்கூறுகளைக் கெடுத்துவிடும். எனவே தானமாக வந்த மூளைகளை ஆய்வுக்காகச் சேர்த்துவைக்கும் பல மூளை வங்கிகளில் மூளையை நடுவாக இரண்டாக வகுந்துவிடுகிறார்கள். ஒரு பாதி ஃபார்மலினுக்கு. மறு பாதியை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தடிமனில் துண்டுகளாக நறுக்கி, வேகமாக உறையவைத்து, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் அடுக்கிவிடுகிறார்கள். போனில் அந்தப் பெண் அவசரப்பட்டது ஏன் என்று இதைப் படித்தபின்தான் புரிந்தது. மணிக்கணக்கு ஏற ஏற உறைபாதியின் மதிப்பு இறங்கும். சாவதற்கு முன் எவ்வளவு நேரம் மூச்சுக்குப் போராடினார் என்பதுகூட மூளையின் அமிலத்தன்மையில் பதிவாகியிருக்குமாம். அப்பா கடைசியில் ரொம்பப் போராடவில்லை. இதைப் படித்தபோது முதலில் 'நல்ல மாதிரி' என்று தோன்றி, அப்புறம்தான் அது அப்பா என்று உறைத்தது.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். 'எனக்குத்தான் மூளையில் ஒரு நோயும் இல்லையே, என் மூளை யாருக்கு வேண்டும்' என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உண்மையில் வங்கிகள் எப்போதும் தட்டுப்பாட்டில் இருப்பது நோயில்லாத மூளைகளுக்குத்தான். ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லாமல் நோயை எப்படி நோய் என்று சொல்வது?

பெயர்ச்சீட்டு

அப்பாவுக்கு எதிலும் பெயர்ச்சீட்டு ஒட்டும் பழக்கம் உண்டு. திருகாணி டப்பா, சாவிக்கொத்து, மின்பெட்டியின் ஒவ்வொரு ஸ்விட்ச், எல்லாவற்றிலும் அவருடைய சாய்ந்த எழுத்து. மறதி நோய் முற்றிய காலத்தில் நாங்கள் அவருக்காக ஒட்டினோம்: 'குளியலறை', 'இது உங்கள் அறை', 'அடுப்பைத் தொடாதீர்கள்'. கொஞ்ச நாளில் அதையும் படிக்க முடியாமல் போனது, இருந்தும் சீட்டைத் தடவிப் பார்ப்பார். இப்போது அவருடைய பாதி மூளைமீதும் ஒரு சீட்டு இருக்கிறது, பெயர் இல்லாமல் எண் மட்டும். அந்தச் சீட்டு சரியாக இருக்கும் என்று யார் சொன்னது என்ற எண்ணம் வந்த நாளிலிருந்து எனக்கு வேறு மாதிரியான கவலை பிடித்துக்கொண்டது.

கணித மேதை காஸின் கதையைப் படித்ததுதான் காரணம். அவர் 1855இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் இறந்தார், மூளையை ருடால்ஃப் வாக்னர் என்ற உடற்கூற்றியலாளர் பாதுகாத்து வைத்தார். அதே ஊரில் அதே வருடம் கான்ராட் ஃபுக்ஸ் என்ற மருத்துவரும் இறந்தார், அவர் மூளையும் அதே சேகரிப்பில் சேர்ந்தது. 2013இல் ரெனாட்டே ஷ்வைட்சர் என்ற ஆய்வாளர் வாக்னர் காலத்துப் படங்களையும் குடுவையில் இருந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இரண்டும் இடம் மாறியிருப்பது தெரிந்தது. ஃபுக்ஸின் மூளையில் மைய மடிப்பு இரண்டாகப் பிரிந்திருக்கும், அது அபூர்வம், அந்த அடையாளம் காஸ் என்று எழுதிய குடுவைக்குள் இருந்தது. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் யாரும் கவனிக்கவில்லை! 1998இல் காஸின் மூளை என்று சொல்லி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், அதுவும் ஃபுக்ஸுடையதுதான். மேதைமை எந்த மடிப்பில் இருக்கிறது என்று தேடுகிறவர்களைப் பற்றி இதைவிட நல்ல நகைச்சுவையை யாராலும் எழுத முடியாது.

ஐன்ஸ்டைன் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், முழுவதும் திருப்பிச் சொல்லப் போவதில்லை. 1955 ஏப்ரலில் பிரின்ஸ்டனில் பிரேதப் பரிசோதனை செய்த தாமஸ் ஹார்வி குடும்பத்தைக் கேட்காமல் மூளையை எடுத்துக்கொண்டார், அறிவியலுக்கு மட்டும் பயன்படுத்துவேன் என்று சொல்லி மகனிடம் அப்புறம் சம்மதம் வாங்கினார். 1,230 கிராம், சுமார் 240 துண்டுகள். எல்லோரும் அந்தத் திருட்டைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதற்குப் பின்னால் வந்த வருடங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. ஹார்வி வேலை இழந்தார், ஊர் மாறினார், மூளையும் கூடவே போனது. 1978இல் ஒரு பத்திரிகையாளர் தேடிப் போனபோது அது கான்சாஸில் அவருடைய அலுவலகத்தில், சைடர் (ஆப்பிள் பானம்) என்று அச்சிட்ட அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. இருபத்துமூன்று வருடங்கள். அந்த மனிதரைக் கெட்டவர் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. சரியாக ஆராயத்தான் போகிறோம், அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று உண்மையாகவே நம்பியிருப்பார் என்று தோன்றுகிறது. அலமாரியில் ஏறிய எந்தப் பொருளுக்கும் இந்தக் கதி வரலாம்.

நிறுவனம் என்றால் தப்பிக்கலாமா? 2012இல் ஹார்வர்டுடன் இணைந்த மெக்லீன் மருத்துவமனையின் மூளை வங்கியில் ஒரு ஃப்ரீசர் நின்றுபோனது. எச்சரிக்கை மணி அடிக்கவில்லை, வெளியே இருந்த திரை குளிர் சரியாக இருப்பதாகவே காட்டியது. திறந்தபோது கிட்டத்தட்ட 150 மூளைகள் உருகிக் கிடந்தன, அவற்றில் ஐம்பதுக்கும் மேல் ஆட்டிசம் ஆய்வுக்காகக் குடும்பங்கள் கொடுத்தவை. அவற்றில் சில குழந்தைகளுடையவை. என் மாதிரி யாரோ ஒரு பெற்றோர், என் மாதிரியே ஒரு போன் அழைப்பில் சரி என்று சொல்லியிருப்பார்கள்.

கேட்காமல் எடுத்தவை

பழைய சேகரிப்புகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே, 'அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை, அப்போதைய வழக்கம் அது' என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். நானும் கொஞ்ச நாள் அதை ஒப்புக்கொண்டிருந்தேன். இஷியின் கதையைப் படித்தபின் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கலிபோர்னியாவின் யாஹி மக்களில் கடைசியாக மிஞ்சிய மனிதர் என்று அறியப்பட்ட இஷி, 1916 மார்ச்சில் காசநோயில் இறந்தார். அவரைக் காட்சிப்பொருள்போலவும் நண்பர்போலவும் ஒரே சமயத்தில் வைத்திருந்த மானுடவியலாளர் ஆல்ஃப்ரெட் க்ரோபர் அப்போது நியூயார்க்கில் இருந்தார். உடலை அறுக்காதீர்கள், அறிவியலின் நலன் என்று யாராவது பேசினால் அறிவியல் நரகத்துக்குப் போகட்டும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள் என்று கடிதம் எழுதினார். கடிதம் போய்ச் சேர்வதற்குள் அறுத்துவிட்டார்கள், மூளையையும் தனியே எடுத்துவிட்டார்கள். ஆகவே 1916இலேயே இது தப்பு என்று தெரிந்த மனிதர்கள் இருந்தார்கள், எழுதியும் வைத்தார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மூளை தன் கைக்கு வந்த பிறகு அதே க்ரோபர்தான் அதை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருந்த அலெஷ் ஹர்ட்லிச்காவுக்கு அனுப்பிவைத்தார். ஹர்ட்லிச்கா மனித இனங்களைத் தரம் பிரிக்கிற வெறியில் உலகம் முழுவதிலிருந்தும் மூளைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தவர். இஷியின் மூளை எங்கே என்று 1999இல்தான் வெளியே தெரிந்தது, 2000இல் அவருக்கு உறவுமுறை கொண்ட பழங்குடியினரிடம் ஒப்படைத்தார்கள். ஹர்ட்லிச்காவின் சேகரிப்பில் மிச்சமிருந்த 255 மூளைகள் பற்றிய செய்தி வந்தது 2023இல்.

வியன்னாவின் ஸ்பீகல்குரூண்ட் மருத்துவமனையில் நாஜிக்கள் கொன்ற குழந்தைகளின் மூளைகளைப் பற்றி விவாதிக்க எதுவுமே இல்லை. போர் முடிந்து பல பத்தாண்டுகள் அவற்றை வைத்துக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்கள், 2002இல்தான் புதைத்தார்கள். புதைத்தது சரி, அவ்வளவு தாமதித்தது அவமானம்.

சிக்கல் டென்மார்க்கில். 1945 முதல் 1982 வரை மனநல மருத்துவமனைகளில் இறந்த நோயாளிகளின் மூளைகள், 9,479. யாரிடமும் கேட்கவில்லை. இன்று அவை ஓடன்சேயில் ஒரு நிலத்தடி அறையில் எண் போட்ட பிளாஸ்டிக் வாளிகளில் வரிசையாக இருக்கின்றன. நோயாளி பற்றிய குறிப்புகள் பத்திரமாக இருக்கின்றன, மனநோய் மருந்துகள் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பு இறந்தவர்களின் மூளைகளும் அதில் உண்டு, அது வேறெங்கும் சுலபமாகக் கிடைக்காத விஷயம். புதைத்துவிடலாம் என்ற பேச்சு எழுந்து, நீண்ட விவாதத்துக்குப் பின் ஆய்வுக்குப் பயன்படுத்தலாம் என்று முடிவானது. என்னைக் கேட்டால் நானும் வைத்துக்கொள்ளச் சொல்வேன், ஆனால் தயக்கத்தோடு. அந்த நோயாளிகளை உயிரோடு இருந்தபோதும் யாரும் எதையும் கேட்டதில்லை, இப்போது இறந்த பிறகும் நாமே பேசி முடிவெடுக்கிறோம் என்ற உறுத்தல் போகாது. போகவும் கூடாது.

இந்தக் கதைகளோடு ஒப்பிட்டு நான் நல்லவன் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். நான் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், எல்லாம் சட்டப்படி. அக்கா ஒரே கேள்வியில் கவிழ்த்துவிட்டாள்: "அப்பாகிட்ட கேட்டியா?" கேட்டிருக்கக்கூடிய காலம் ஒன்று இருந்தது. அப்போது தோன்றவில்லை. தோன்றியபோது அவரிடம் கேட்டால் சரி என்பார், பத்து நிமிடம் கழித்து வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றாலும் சரி என்பார். நரம்பியலில் எச்.எம். என்று புகழ்பெற்ற ஹென்றி மொலேசனை நினைத்துக்கொள்வேன். 1953இல் வலிப்புக்காக நடந்த அறுவை சிகிச்சையில் புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கு போய்விட்டது, அதற்கப்புறம் நடந்த எதுவும் அநேகமாக நினைவில் தங்கவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் அவரைச் சோதித்தார்கள். 2008இல் இறந்தார், அடுத்த வருடம் சான் டியேகோவில் அவர் மூளையை உறையவைத்து, 53 மணி நேரத்தில் 2,401 சீவல்களாகச் சீவினார்கள், இணையத்தில் லட்சக்கணக்கானவர்கள் நேரலையில் பார்த்தார்கள். நினைவு அறிவியலுக்கு அவரைவிட அதிகம் கொடுத்தவர் கிடையாது. ஆனால் எதற்குச் சம்மதித்தோம் என்பதையே நினைவில் வைத்துக்கொள்ள முடியாத ஒருவரின் சம்மதத்தை எதில் சேர்ப்பது?

இரண்டு பக்க அறிக்கை

ஏழு மாதம் கழித்து ஓர் உறை வந்தது. உள்ளே இரண்டு பக்கம். முதல் வரியில் எடை: 1,140 கிராம். ஒரு மனிதரின் மூளையின் எடையைத் தபாலில் தெரிந்துகொள்வது விசித்திரமான அனுபவம், அந்த எண்ணை நான் இன்னும் மறக்கவில்லை. அதற்குக் கீழே பகுதி பகுதியாகக் கண்டறிந்தவை. அல்சைமர் என்றுதான் உயிரோடு இருந்தபோது சொன்னார்கள், அதுவும் இருந்தது, மிதமாக. ஆனால் மூளையின் வெளி அடுக்கான புறணி முழுக்க லூயி பாடி எனப்படும் புரதத் திரட்டுகள் பரவியிருந்தன. எனக்கு முதலில் அந்தச் சொல்லே புரியவில்லை. அறிக்கையோடு ஒரு தொலைபேசி எண் இருந்தது, கூப்பிட்டேன், ஒரு மருத்துவர் பொறுமையாகப் பேசினார். வயதானவர்களின் மூளையில் இப்படி இரண்டு மூன்று நோய்கள் கலந்திருப்பது சாதாரணம் என்றார். அப்புறம், "உங்கள் அப்பா, அங்கே இல்லாத ஆட்களைப் பார்ப்பாரா?" என்று கேட்டார்.

பார்ப்பார். வாசல் ஓரமாக ஒரு சின்னப் பையன் நிற்கிறான் என்பார், ரொம்ப நேரமாக நிற்கிறான், உட்காரச் சொல் என்பார். யாரும் இல்லப்பா என்று ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டே சொன்னேன், ஆறு மாதம் போனபின் கத்தினேன். ஒருநாள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த இடத்தில் நிறுத்தி, தொட்டுப் பார், எங்கே இருக்கிறான் பையன் என்று கேட்டிருக்கிறேன். அவர் காற்றைத் தொட்டுவிட்டு, பயந்துபோய், என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அப்புறம், இல்லாததைக் காணும் இந்தக் கோளாறுக்கென்று ஒரு மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாப்பிட்ட இரண்டாம் நாளே உடம்பு மரக்கட்டைபோல விறைத்துவிட்டது, அதன்பின் பழையபடி நடக்கவே இல்லை. லூயி பாடி உள்ளவர்களுக்கு அந்த வகை மாத்திரைகள் ஆபத்தாக முடியலாம், நன்றாக உருவம் தெரிகிற ஆட்களையும் குழந்தைகளையும் காண்பது இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிற விஷயம் என்று போனில் அந்தக் குரல் சொன்னது. யாரையும் குறை சொல்லும் தொனியில் இல்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

அறிக்கையை அக்காவிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். இது அவளைச் சமாதானப்படுத்தும் என்று, இதோ பார் எதற்காகக் கொடுத்தோம் என்று, உள்ளுக்குள் ஒரு வாதத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, "அந்தப் பையனுக்கு நாமளும் ஒரு நாற்காலி போட்டிருக்கலாம்" என்றாள். அப்புறம், கதவு வரை போய்த் திரும்பி வந்து, "சரி, தெரிஞ்சுக்கிட்டாங்கல்ல. இனிமேல் எதுக்கு வச்சிருக்காங்க?" என்று கேட்டாள்.

பதில் படிவத்தில் இருந்தது: 'எதிர்கால ஆய்வுகளுக்காக'. கையெழுத்துப் போடும்போது என் கண் இந்த இடத்தில் வழுக்கிக்கொண்டு போயிருந்தது. எதிர்காலம் என்றால் எதுவரை என்று எங்கேயும் எழுதவில்லை. இன்னும் யாரும் கண்டுபிடிக்காத கருவியால், இன்னும் பிறக்காத யாரோ, இன்னும் யாரும் கேட்காத கேள்வியோடு வருவார்கள் என்று வைத்திருக்கிறார்கள். வெறும் ஆசை என்று இதைத் தள்ளவும் முடியாது. 1861இல் 'டான்' என்ற ஓர் அசையைத் தவிர வேறெதுவும் பேச முடியாமல் இறந்துபோன லெபோர்ன் என்பவரின் மூளையைப் பால் ப்ரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் வெட்டாமல் முழுதாக வைத்துவிட்டுப் போனார். 2007இல் அதை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது சேதம் ப்ரோக்கா கண்ணால் கண்டதைவிட ஆழமாகப் போயிருந்தது தெரிந்தது. காஸுக்கு நடந்ததும் லெபோர்னுக்கு நடந்ததும் ஒரே மாதிரியான அலமாரியில்தான். இரண்டுக்கும் நடுவில் யாரோ ஒருவர் சீட்டைச் சரியாக ஒட்டினார் அல்லது ஒட்டவில்லை. நான் கையெழுத்துப் போட்டது ஒரு நாளைக்கு, ஒரு காரியத்துக்கு என்று நினைத்திருந்தேன். முகம் தெரியாத பல பேர், ஒருவர் ஓய்வுபெற்றால் அடுத்தவர் என்று, தினமும் செய்துகொண்டே இருக்க வேண்டிய ஒரு வேலைக்குத்தான் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதற்கு ஒரு முடிவுத் தேதி கேட்க எனக்கு உரிமை உண்டு என்பதுகூட அப்போது தெரியாது.

திரும்ப வருவோம் என்கிறவர்கள்

இதைப் படிக்கப் போய், இதன் மறுபக்கத்தில் நிற்கிற ஆட்களையும் படித்தேன். இவர்கள் ஆய்வுக்காக வைக்கச் சொல்வதில்லை, தாங்களே திரும்பி வருவதற்காக வைக்கச் சொல்கிறார்கள். இந்த நம்பிக்கையோடு, 1967இல் இறந்ததும் முதலில் உறையவைக்கப்பட்டவர் ஜேம்ஸ் பெட்ஃபோர்டு, இன்றும் அரிசோனாவில் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருக்கிறார். ஆனால் அதே காலத்தில் கலிபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு நிலவறையில் வைத்த ஒன்பது உடல்கள் பணம் நின்றதும் உருகிப்போயின, 1979இல்தான் அது அம்பலமானது. இதில் அறிவியல் சிக்கலைவிட வாடகைச் சிக்கல்தான் பெரிது.

அறிவியலும் முன்னேறாமல் இல்லை. சாதாரணமாக உறையவைத்தால் பனிப்படிகம் செல்களைக் குத்திக் கிழிக்கும். அதற்கு மாற்றாக, குளூட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தை ரத்தக்குழாய் வழியாகச் செலுத்திச் சில நிமிடங்களில் எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே பூட்டிவிட்டு, அப்புறம் குளிர்காப்புத் திரவத்தை நிரப்பி மைனஸ் 135 டிகிரியில் வைக்கும் முறை வந்தது. 2016இல் ஒரு முயலின் மூளையையும் 2018இல் ஒரு பன்றியின் மூளையையும் நரம்பிணைப்புகள் குலையாமல் இப்படிக் காப்பாற்றிப் பரிசு வாங்கினார்கள். ஆனால் அந்த ரசாயனம் பூட்டிய மூளை மறுபடி ஒருநாளும் துடிக்காது. அதிலிருந்து யாராவது இணைப்புகளைப் படித்து எடுத்துக் கணினியில் ஏற்றினால்தான் உண்டு. அதோடு, சரியாக வேலை செய்ய வேண்டுமென்றால் ஆள் உயிரோடு மயக்கத்தில் இருக்கும்போதே தொடங்க வேண்டும். நெக்டோம் என்ற நிறுவனம் 2018இல் இதற்கு 10,000 டாலர் முன்பணம் வாங்கிப் பெயர் பதிந்துகொண்டது. நூறு சதவீதம் உயிர் போகும் என்று அவர்களே சொன்னார்கள், அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. சர்ச்சை எழுந்ததும் எம்.ஐ.டி. அவர்களோடு இருந்த தொடர்பை முறித்துக்கொண்டது.

படித்து எடுப்பது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? 302 நரம்பு செல்கள் மட்டுமே உள்ள ஒரு புழுவின் இணைப்பு வரைபடம் 1986இல் வந்தது, அந்தப் புழுவையே இன்னும் கணினிக்குள் முழுதாக நெளியவைக்க முடியவில்லை. 2024இல் மனிதப் புறணியின் ஒரே ஒரு கன மில்லிமீட்டரை ஹார்வர்டும் கூகுளும் சேர்ந்து வரைந்தார்கள்: 57,000 செல்கள், 15 கோடி இணைப்புகள், 1,400 டெராபைட் தரவு. முழு மூளைக்கு இப்படிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் வேண்டும். நடக்கவே நடக்காது என்று சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. ஆனால் நடக்கிறவரை வாளிக்குக் காவல் யார்? அவர்கள் தங்கள் மூளையை எதிர்காலத்திடம் ஒப்படைக்கிறார்கள், எதிர்காலத்திடம் யாரும் கேட்கவில்லை. அதில் ஹார்வியின் அட்டைப்பெட்டிதான் எனக்குத் தெரிகிறது.

இன்னொன்று, தூக்கத்தைக் கெடுத்தது. 2019இல் யேல் பல்கலைக்கழகத்தில் நெனாட் செஸ்தானின் குழு, கொல்லப்பட்டு நாலு மணி நேரமான பன்றிகளின் மூளைகளில் ஒரு சிறப்புத் திரவத்தை ஓடவிட்டு, ஆறு மணி நேரத்துக்குச் சில செல் வேலைகளை மறுபடி நடக்கவைத்தது. நாலு மணி நேரம் என்று படித்ததும் அப்பாவை எடுத்துப்போன நேரத்தை எண்ணிப் பார்த்தேன். கிட்டத்தட்ட அவ்வளவுதான். விழிப்புக்கான மின் அலை எதுவும் அந்த மூளைகளில் வரவில்லை, வந்தால் உடனே நிறுத்த மயக்க மருந்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சோதித்தார்கள். தெரியும். அறிவுக்குத் தெரிவது இரவு இரண்டு மணிக்கு உதவுவதில்லை.

போன மாதம் நானும் ஒரு படிவம் வாங்கினேன், எனக்காக. அப்பாவுக்கு நான் கேட்காத கேள்விகளை எல்லாம் முன்கூட்டியே கேட்டேன்: எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், வங்கியை மூடினால் என்ன செய்வீர்கள், குடும்பம் திரும்பக் கேட்டால் கொடுப்பீர்களா. சிலவற்றுக்குப் பதில் வந்தது, முதல் கேள்விக்கு வரவில்லை, அந்தப் பெண் அதை மறைக்கவும் இல்லை. பெரும்பாலான கட்டங்களை நிரப்பிவிட்டேன். 'மரணம் நிகழ்ந்ததும் எங்களுக்குத் தகவல் தர வேண்டியவர்' என்ற கட்டத்துக்கு வந்தபோது அக்காவைக் கூப்பிட்டேன். இந்த முறை முதல் மணியிலேயே எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை.

"என் பேரைப் போடாதே" என்றாள் கடைசியில்.

கோபமா என்று கேட்டேன்.

"கோபம்லாம் இல்லடா. நான் உன்னைவிட ஏழு வயசு மூத்தவ. சின்னவங்க யார் பேரையாவது போடு."

அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.